அரண்மனையின் மேற்கு வாசல்

இயேசு மரி சூசை துணை

திண்டிவனம்,
நவம்பர் 14, வியாழன் பிற்பகல்.

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு ஜெசிந்தா எழுதுவது. நானும் ரெனிட்டாவும் நலம். முகையூரில் மாமாவும் நலமாக இருக்கிறார். நீங்கள் நலமா என்று கேட்டு எழுதுவதுதான் முறை. நலமில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கை. மற்றதைப் பிறகு படிக்கலாம், இந்தப் பத்தியை மட்டும் நின்ற இடத்திலேயே படித்துவிடுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை அந்த மளிகைக் கடைக்காரர் போனிலிருந்து நான்கு நிமிடம் பேசினீர்கள். இடது கையில் இரண்டு விரல் மெஷினில் மாட்டிக்கொண்டது, முதலாளியே மருந்து வைத்துக் கட்டிவிட்டார், ஆறு நாள் ஆகிறது, ஆறிவிடும் என்றீர்கள். பேசும்போது இரண்டு முறை உங்கள் பல் அடித்துக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது. குளிரா என்றேன், ஆமாம் என்றீர்கள். பதினோரு வருடமாக ஆபரேஷன் வார்டில் நர்ஸாக நிற்கிறவள் நான். அது குளிர் இல்லை, காய்ச்சல் நடுக்கம். கட்டைப் பிரித்துப் பாருங்கள். விரல் நுனி கறுத்திருக்கிறதா, வாடை வருகிறதா, மணிக்கட்டிலிருந்து மேலே சிவப்பாகக் கோடு ஏறுகிறதா, அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் நான் இதோடு அனுப்பும் மாத்திரை போதாது. மாத்திரையைப் போட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். எந்த ஆஸ்பத்திரி என்பதைக் கடைசியில் எழுதியிருக்கிறேன்.

நீங்கள் பேசிய நம்பருக்கு அன்றே மூன்று முறை கூப்பிட்டேன். கடைக்காரர் இந்தியில் பேசினார், எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டுக் கடை விலாசத்தை வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அரிசி வாங்க வரும்போதுதான் உங்களைப் பார்ப்பாராம், எங்கே வேலை செய்கிறீர்கள் என்று தெரியாதாம். கையைப் பற்றி மட்டும் இரண்டு வரி அவர் போனுக்கு அனுப்பினேன். மற்றதை யாரோ ஒருவர் போனில் எழுத எனக்கு மனம் வரவில்லை. கோட்டக்குப்பம் மஹபூப் பீவியம்மா போன வருடம் எங்கள் வார்டில் பன்னிரண்டு நாள் இருந்தார்கள், உங்களுக்கு நினைவிருக்கும். அவர்கள் மகன் ஷபியுல்லா பழைய மெஷின் சாமான் வாங்க அடிக்கடி கொரியா போகிறவர். நாளை கிளம்புகிறார். சனிக்கிழமை போய்ச் சேர்ந்துவிடுவார், ஞாயிறு காலையிலிருந்து அந்தக் கடையிலேயே உட்கார்ந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். இந்தக் கடிதம் உங்கள் கையில் இருக்கிறதென்றால் உங்கள் எதிரில் நிற்பவர் அவர்தான். அவரை நம்பலாம்.

சியோலில் அந்த அரண்மனையில் நீங்கள் போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. போனில் அதை நீங்கள் கேட்கவுமில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். குறை சொல்வதற்காக இல்லை. கொஞ்சம் அதற்காகவும்தான்.

அன்றைக்குப் புதன்கிழமை. அவர்கள் தங்கள் எழுத்துக்கு விழா எடுக்கிற நாள் என்று டூர் கூட்டிவந்த புகழேந்தி சொன்னார். சியோல் முழுக்க அங்கேதான் வந்திருந்தது போல அவ்வளவு கூட்டம். எதிர்க் கடையில் எல்லோரும் அந்த ஊர்ப் பட்டு உடுப்பை வாடகைக்கு எடுத்தோம். உடுத்திக்கொண்டு போனால் உள்ளே டிக்கெட் இல்லையாம். ரெனிட்டாவுக்கு மஞ்சள் சட்டை, சிவப்புப் பாவாடை. உங்களுக்கு ராஜா உடுப்பு நீலத்தில் எடுத்து வைத்தேன், புழுக்கமாக இருக்கும் என்று வேண்டாமென்றீர்கள். அக்டோபர் மாதம், எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். நீங்கள் கறுப்பு ஜாக்கெட்டோடு தோள்பையைக் கழற்றாமல் நின்றீர்கள். முதல் நாள் சாயங்காலம் கடையில் வரி திரும்ப வாங்க வேண்டும் என்று சொல்லிப் புகழேந்தியிடமிருந்து பாஸ்போர்ட்டை வாங்கினீர்கள். திருப்பிக் கொடுக்கவில்லை. இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சேர்த்து யோசிக்கத்தான் பயமாக இருந்தது.

சிம்மாசன மண்டபத்துக்கு முன்னால் பெரிய கல் முற்றம். இரண்டு பக்கமும் வரிசையாகக் கல் நட்டிருந்தது, எந்த அதிகாரி எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதற்கு. நடுவில் மேடாக ஒரு பாதை, அது ராஜா மட்டும் நடக்கிறதற்கு என்று புகழேந்தி விளக்கினார். நீங்கள் என் பக்கம் குனிந்து சொன்னீர்கள்:

"எங்கப்பா அந்தக் காலத்துல இங்க வந்திருந்தா, வெளிக் கதவாண்டதான் நின்னுக்கினு இருந்திருப்பாரு."

சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு அந்த நடுப் பாதையில் நடந்தீர்கள். நான் போட்டோ எடுத்தேன். அந்த ஒரு போட்டோவை மட்டும் யாரிடமும் காட்டாமல் வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு குளம். குளத்துக்கு நடுவில் கல் தூண்கள் மேல் நிற்கிற பெரிய மண்டபம். ரெனிட்டாவின் சட்டை நாடா அவிழ்ந்திருந்தது. நீங்கள் மண்டியிட்டுக் கட்டிவிட்டீர்கள். உங்களுக்கு அந்த முடிச்சு வரவில்லை, மூன்று தடவை கட்டினீர்கள். பிறகு அவளிடம், "இங்கயே நின்னுக்கினு அந்தத் தூணெல்லாம் எண்ணி வை. எவ்ளோன்னு அப்பா கேப்பேன்" என்றீர்கள். என்னிடம் கழிப்பறைக்குப் போய்விட்டு வருகிறேன் என்றீர்கள்.

கழிப்பறை எங்களுக்கு வலது பக்கம் இருந்தது. நீங்கள் இடது பக்கம் போனீர்கள்.

இதுவரை நான் யாரிடமும் சொல்லாததை இப்போது உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை ஏமாற்றிவிட்டுப் போனதாக நினைத்திருப்பீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். மரங்களுக்கு நடுவே போனீர்கள், ஒருமுறை நின்றீர்கள், திரும்பவில்லை. பையிலிருந்து சாம்பல் நிறத் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டீர்கள். அந்தத் தொப்பியை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. மேற்கு வாசல் வழியாக வெளியே இறங்கினீர்கள். நான் ஒரு சத்தம் போட்டிருந்தால் நின்றிருப்பீர்கள். வாய் வரைக்கும் வந்தது. போடவில்லை.

ஏன் என்று இந்த ஐந்து வாரமாக யோசிக்கிறேன். ஜூன் மாதம் ஒரு நாள் விழுப்புரத்தில் நர்ஸ்களுக்குப் பயிற்சி வைத்திருந்தார்கள். பஸ் நிலக்கடலை மண்டிப் பக்கம் நின்றபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீங்கள் முதுகில் மல்லாட்டை மூட்டையோடு லாரிப் பலகையில் ஏறிக்கொண்டிருந்தீர்கள். ஒரகடம் கம்பெனியில் அறுபது பேரோடு உங்களையும் வீட்டுக்கு அனுப்பின பிறகு, விழுப்புரத்தில் ஒரு ஏஜென்ஸியில் சூப்பர்வைசர் வேலை என்று என்னிடம் சொல்லியிருந்தீர்கள். எதிர் டீக்கடையில் கம்பெனிச் சட்டை போட்ட இரண்டு பேர் வந்து நின்றார்கள். உங்களிடம் மெஷின் வேலை கற்றுக்கொண்டவர்களாக இருக்க வேண்டும். நீங்கள் தலைத்துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டீர்கள். எட்டு வருடம் கொரியாக்காரர்களோடு நின்று அவர்கள் பாஷையே பேசக் கற்றுக்கொண்ட ஆள். அன்றும் நான் கூப்பிடவில்லை. பார்த்தேன் என்று சொல்லவும் இல்லை. குளக்கரையில் உங்கள் முதுகைப் பார்த்தபோது அந்த மூட்டைதான் கண்ணில் நின்றது. போகட்டும் என்று தோன்றிவிட்டது. தப்பு என்று தெரிந்துதான் தோன்றியது.

கால் மணி நேரம் கழித்துப் புகழேந்தி வந்து, "அக்கா, சாரு எங்க?" என்றார். "பாத்ரூம் போயிருக்காரு" என்றேன். அரை மணி கழித்துத் திரும்பவும் கேட்டார். வயிறு சரியில்லை என்று காலையிலிருந்தே சொன்னார், அதனால் நேரமாகலாம் என்றேன். அவர் கழிப்பறை ஒவ்வொன்றாக ஓடி உங்கள் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒரு மணி நேரம் அந்த மனிதரை ஓடவிட்டேன். ரெனிட்டா தூண்களை எண்ணுவதும், விட்ட இடம் மறந்து முதலிலிருந்து ஆரம்பிப்பதுமாக இருந்தாள்.

அப்புறம் ஒலிபெருக்கியில் உங்கள் பெயரைச் சொன்னார்கள். அவர்கள் வாயில் அது வேறு யார் பெயரோ போல இருந்தது. போலீஸ் வந்தது. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் எங்களை உட்காரவைத்தார்கள். போனில் ஒரு பெண் மொழிபெயர்த்தாள். உங்கள் கணவருக்கு இங்கே தெரிந்தவர்கள் யார், கடைசியாக என்ன பேசினார், உங்களுக்கு முன்பே தெரியுமா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். தெரியாது என்றேன். அது பொய் இல்லை. ஆனால் பொய் சொல்கிறவளுக்கு வேர்ப்பது போல எனக்கு வேர்த்தது. மொழிபெயர்த்தவள் அடுத்துச் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. தனியாக வருகிற ஆண்களுக்கு விசா கொடுக்க யோசிப்பார்களாம், மனைவி குழந்தையோடு வந்தால் அவ்வளவாகச் சந்தேகப்பட மாட்டார்களாம். அதனால்தான் கேட்கிறார்கள் என்றாள்.

கம்பெனி கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தில் நாம் மூன்று பேரும் ஒருமுறையாவது விமானத்தில் போக வேண்டும் என்று சொன்னீர்கள். எனக்காகத்தான் என்று நினைத்து, ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த அறையில் பட்டு உடுப்போடு உட்கார்ந்திருந்தபோதுதான் நானும் குழந்தையும் எதற்கு வந்தோம் என்று புரிந்தது. நீங்கள் மேற்கு வாசலில் இறங்கியதைப் பொறுத்துக்கொண்டேன். இதை என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. எழுதிவிட்டேன், இதற்கு மேல் எழுதவில்லை.

ஒரு போலீஸ்காரம்மா ரெனிட்டாவுக்குப் பால் வாங்கிக் கொடுத்தார். அவள் கை ஜாடையில் தூணைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். அவர் ஒரு தாளில் நாற்பத்தெட்டு என்று எழுதிக் காட்டினார். அந்தத் தாளை மடித்துப் பென்சில் டப்பாவில் வைத்திருக்கிறாள்.

நம் கூட வந்த பதினெட்டுப் பேருக்கும் அன்றைக்குச் சாப்பாடும் இல்லை, வேறு இடமும் இல்லை. வெங்கடாசலம் சார் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "குடும்பமா சேந்து நாடகம் ஆடிக்கினு எங்கள தெருவுல நிக்க வெச்சிட்டீங்களே" என்றார். கிருஷ்ணவேணி டீச்சர் மட்டும் எழுந்து வந்து குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். விமான நிலையத்தில் எங்கள் குழுவை மட்டும் தனியாக நிறுத்தி ஒவ்வொருவராக விசாரித்தார்கள். சென்னையில் இறங்கியதும் யாரும் என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை.

ஊரில் இரண்டு தடவை போலீஸ்காரர்கள் விசாரணைக்கு வந்துவிட்டார்கள். மாமா வேறு மாதிரி இருக்கிறார். மகனுக்குக் கொரியாவில் வேலை கிடைத்துவிட்டது என்று முகையூர் கோயிலில் பூசை வைத்து, தெருவுக்கெல்லாம் லட்டு கொடுத்திருக்கிறார். போன வாரம் நான் போனபோது உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டு, அவன் உயிரோடு இருக்கிறானா என்று மட்டும் கேட்டார். அவருக்கு எல்லாம் தெரியும். லட்டு மற்றவர்களுக்காக.

ரெனிட்டாவிடம் அப்பா வேலை பார்க்கிறார் என்று சொல்லியிருக்கிறேன். அவள் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். முன்பு கேட்டபோது சமாளிக்க முடிந்தது.

புகழேந்திக்கு வருகிறேன். அவருடைய ஏஜென்ஸிக்கு இனிமேல் குழு விசா கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். தீபாவளிக்குப் பிறகு போக இருந்த இரண்டு குழுவும் நின்றுபோனது. போன மாதக் கடைசியில் நம் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு என்றுதான் நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். சார் தானாகவே அங்கே அதிகாரிகளிடம் போய் நின்று, ஏஜென்ஸிக்கு இதில் சம்பந்தமில்லை என்று எழுதிக் கொடுத்தால் தனக்கு ஒரு வழி பிறக்கலாம், பேசினால் இதைச் சொல்லுங்கள் என்றார். உங்களிடமிருந்து தகவலே இல்லை என்றேன். அப்போது அது உண்மை. போகும்போது, கழிப்பறையில் தேடிய அந்த ஒரு மணி நேரம் தன் கவனக்குறைவுதான் என்று அவரே சொல்லிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் பல் அடித்துக்கொண்ட சத்தத்தைக் கேட்ட பிறகு என்னால் இருக்க முடியவில்லை. யாரைக் கேட்பது? அந்த ஊரில் ஆஸ்பத்திரி, ஆள், பாஷை எல்லாம் தெரிந்தவர் எனக்குத் தெரிந்து புகழேந்தி ஒருவர்தான். உதவி கேட்பதற்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நேற்று லீவு போட்டுவிட்டு விழுப்புரம் போனேன். ஆபீஸ் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே அவரும் அவர் மனைவி தையல்நாயகியும் பழைய பைல்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே சொன்னேன். நீங்கள் இடது பக்கம் போனதைப் பார்த்தேன், மேற்கு வாசலில் இறங்கியதைப் பார்த்தேன், தெரிந்தேதான் அவரைக் கழிப்பறைக்கு ஓடவிட்டேன் என்று.

அவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா வாசல்லயே புடிச்சிருப்பேனே அக்கா. அவரும் ஊருக்கு வந்திருப்பாரு, நானும் பொழச்சிருப்பேன்" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நான் உங்கள் கையைப் பற்றிச் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, நீங்கள் போகலாம் என்றார். நான் வெளியே வந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்த பிறகு தையல்நாயகி ஸ்கூட்டியில் பின்னாலேயே வந்தார். வண்டியை நிறுத்தாமலே, "வெரலு கறுத்துப் போச்சாமா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். ஏறி உட்காருங்கள் என்று திரும்பவும் ஆபீஸுக்குக் கூட்டிப்போனார். புகழேந்தி போனில் யாரிடமோ கொரிய பாஷையில் பேசிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு ஒரு தாளில் எழுதி மேசை மேல் வைத்தார், என் கையில் கொடுக்கவில்லை. அந்தத் தாள்தான் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்காரர்களைப் பார்க்கிற ஒரு கன்னியர் மடத்து ஆஸ்பத்திரி. ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். முதலில் கையைத்தான் பார்ப்பார்கள், விசாத் தாள்களைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதானாம். ஷபியுல்லா டாக்ஸி வைத்து உங்களை நேராக அங்கே கூட்டிப்போவார். துணி எடுத்து வருகிறேன், முதலாளியிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று எதுவும் வேண்டாம்.

இந்த உதவிக்கு ஈடாகப் புகழேந்தி எதையும் கேட்கவில்லை. எழுதிக் கொடுக்கச் சொல் என்றுகூட இந்தத் தடவை சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன். கை ஓரளவு தேறியதும் அவருக்காக அந்த ஒரு காகிதத்தை எழுதிக் கொடுங்கள். உங்களைப் பிடிப்பார்கள், அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுவீர்கள். அனுப்பட்டும் என்றோ வேண்டாம் என்றோ நான் எழுதப் போவதில்லை. குளக்கரையில் உங்களுக்காக நான் முடிவெடுத்தது போதும். விளைவு எத்தனை பேர் தலையில் விழுந்தது என்று பார்த்துவிட்டேன்.

இன்னும் ஒன்று. கடைக்காரரிடம் அன்புச்செல்வன் என்று கேட்டபோது அப்படி யாரும் வருவதில்லை என்றார். கையில் கட்டுப் போட்ட ஆள் என்றதும்தான், ஓ, ராஜூவா என்றார். வேலை இடத்தில் என்ன பெயரோ இருக்கட்டும். ஆஸ்பத்திரியில் உங்கள் சொந்தப் பெயரைச் சொல்லுங்கள். கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் ஒரு பாரம் கொடுப்பார்கள், உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் அது உண்டு. நோயாளிக்கு நெருங்கியவர் யார், என்ன உறவு, போன் நம்பர் என்ன என்று மூன்று கட்டம் இருக்கும். நான் தினமும் பத்துப் பேருக்காவது நிரப்புகிறேன். அதில் யாரையும் எழுதாமல் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் அதைக் காலியாக விடாதீர்கள். என் பெயரை எழுதுங்கள். அங்கிருந்து யார் எந்த நேரத்தில் கூப்பிட்டாலும், எந்தப் பாஷையில் கேட்டாலும், ஆமாம், என் வீட்டுக்காரர்தான் என்று சொல்வேன்.

ஆரோக்கிய மாதா உங்கள் கையைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உங்கள்
ஜெசிந்தா அன்புச்செல்வன்